பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைக்காத சராசரி

இந்தியாவில் வயதுவந்த ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 2 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். மாதக் கணக்கில் 19,500 ரூபாய் சொச்சம். 2022-23ஆம் ஆண்டுக்கான இந்த மதிப்பீட்டைத் தந்தவர்கள் நிதின் குமார் பார்தி, லூக்கா சான்செல், தோமா பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி என்ற நான்கு பொருளியல் ஆய்வாளர்கள். 2024 மார்ச்சில் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையில் இதைவிட முக்கியமான ஒரு வரி உண்டு. இந்தச் சராசரியை ஒருவர் தொட வேண்டுமென்றால், நாட்டின் வருமான வரிசையில் கிட்டத்தட்ட மேலிருந்து முதல் பத்து விழுக்காட்டுக்குள் அவர் வர வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் ‘சராசரி’க்குக் கீழே இருக்கிறார்கள்.

கணக்கில் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று முதலில் தோன்றும். பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே இருந்தால்தானே அது சராசரி? அப்படித்தான் நாம் எல்லோரும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தவறு அந்த நினைப்பில்தான் இருக்கிறது. ஆய்வாளர்களின் கூட்டல் கழித்தலில் இல்லை.

ஒரு சின்னப் பட்டறையை எடுத்துக்கொண்டால் விஷயம் கண்ணுக்குத் தெரியும். திருப்பூரில் பதினொரு பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அங்கே கூலி பெரும்பாலும் வாரக் கணக்கு, சனிக்கிழமை கைக்கு வரும். வசதிக்காக மாதத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். எண்களும் கணக்குக்காக நான் போட்டுக்கொண்டவை. செக்கிங், பேக்கிங் பார்க்கும் நான்கு பேருக்குத் தலைக்கு 10,000. நான்கு டெய்லர்களுக்குத் தலைக்கு 15,000. கட்டிங் மாஸ்டருக்கு 22,000. சூப்பர்வைசருக்கு 28,000. மேனேஜருக்கு 1,25,000. எல்லாவற்றையும் கூட்டினால் 2,75,000. பதினொன்றால் வகுத்தால் 25,000. ‘எங்கள் கம்பெனியில் சராசரிச் சம்பளம் 25,000’ என்று முதலாளி சொன்னால் அதில் ஒரு ரூபாய்கூடப் பொய் கிடையாது. ஆனால் 25,000 ரூபாய் வாங்கும் ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை. பதினொரு பேரில் ஒன்பது பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள்.

இப்போது அந்தப் பதினொரு பேரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து, நடுவில் நிற்கும் ஆறாவது ஆளின் சம்பளத்தைக் கேளுங்கள். 15,000. இதுதான் இடைநிலை அளவு. பள்ளிக்கூடத்தில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று மூன்றையும் ஒரே பாடத்தில் படித்து, தேர்வு எழுதி, மறந்துவிட்டோம். நடு ஆளின் சம்பளத்தைச் சொல்வது இந்த இரண்டாவது எண். வரிசையில் அவருக்குக் கீழே ஐந்து பேர், மேலே ஐந்து பேர். மேனேஜர் எவ்வளவு வாங்கினாலும் அந்த நடு இடம் நகராது.

அடுத்த வருஷம் மேனேஜருக்கு மட்டும் 55,000 ரூபாய் உயர்வு கொடுத்து 1,80,000 ஆக்கினார்கள். மற்ற பத்துப் பேருக்கும் ஒன்றுமில்லை. மொத்தம் 3,30,000, சராசரி 30,000. ‘சராசரிச் சம்பளம் ஒரே ஆண்டில் 20 விழுக்காடு உயர்ந்தது’ என்று தலைப்புச் செய்தியே போடலாம். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் டெய்லர் அந்தச் செய்தியைப் படித்தால், தனக்கு மட்டும்தான் ஏதோ குறைந்துவிட்டது என்று நினைப்பார். அந்த நினைப்புத்தான் என்னை உறுத்துகிறது. சராசரி என்ற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு தங்களையே குறைவாக எடைபோட்டுக்கொள்ளும் கோடிக்கணக்கானவர்களுக்கு, அந்த எண் தங்களைப் பற்றியதே இல்லை என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

உயரத்தில் இந்தச் சிக்கல் வராது. ஒரு ஊரில் வயதுவந்த ஆண்களை எல்லாம் அளந்தால் சராசரி உயரமும் இடைநிலை உயரமும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஐந்தரை அடி ஆளைப்போல் இருபது மடங்கு உயரமுள்ளவர் உலகத்திலேயே இல்லை. உயரம் பல சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றோடொன்று கூடி அமைவது: கொஞ்சம் அப்பா வழி, கொஞ்சம் அம்மா வழி, கொஞ்சம் சிறுவயதுச் சாப்பாடு. கூட்டலால் அமையும் அளவுகள் பெரும்பாலும் நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகச் சரியும்.

சம்பளம் பெருக்கலால் வளர்வது. இன்கிரிமென்ட் பெரும்பாலும் விழுக்காட்டில்தான் வரும். பத்து விழுக்காடு என்றால் 15,000 வாங்குபவருக்கு 1,500. 60,000 வாங்குபவருக்கு 6,000. முன்பு 45,000 ஆக இருந்த இடைவெளி ஒரே ஆண்டில் 49,500 ஆகிவிட்டது. யாருக்கும் யாரும் அநியாயம் செய்யாமலே. இருபது, முப்பது ஆண்டுகள் இப்படிப் பெருகினால் வரிசையின் மேல்முனை நீண்டுகொண்டே போகும். கீழ்முனைக்குத் தரை இருக்கிறது: பூஜ்யத்துக்குக் கீழே கூலி இறங்க முடியாது. ஒரு பக்கம் தரை, இன்னொரு பக்கம் திறந்த வானம். ரொபேர் ஜிப்ரா என்ற பிரெஞ்சு அறிஞர் 1931இல் இந்தப் பெருக்கல் விதியைக் கணிதமாக எழுதிக் காட்டினார். அவருக்கும் முன்னால், 1890களில், இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரெடோ பரேட்டோ பல நாடுகளின் வரிப் பதிவுகளை ஆராய்ந்து, உச்சியில் இருப்பவர்களின் வருமானம் இதைவிடவும் நீண்ட வால் கொண்டது என்று கண்டிருந்தார். உச்சியில் வருவது சம்பளம் மட்டுமல்ல. பங்கு, லாபம், வட்டி, வாடகை எல்லாம் சேர்ந்துகொள்ளும். பணமே பணத்தைக் கொண்டுவரும்.

இந்த வாலைக் கண்ணால் பார்க்க நெதர்லாந்துப் பொருளியலாளர் யான் பென் ஒரு வழி சொன்னார். 1971இல் வந்த வருமானப் பங்கீடு பற்றிய தன் நூலில் அவர் ஓர் ஊர்வலத்தைக் கற்பனை செய்தார். நாட்டில் வருமானம் உள்ள எல்லோரும், குறைந்தவர் முதலில், கூடியவர் கடைசியில் என்று, சரியாக ஒரு மணி நேரத்தில் நம்மைக் கடந்து போகிறார்கள். ஒவ்வொருவரின் உயரமும் அவர் வருமானத்துக்கு ஏற்ற உயரம். சராசரி வருமானம் உள்ளவருக்குச் சராசரி உயரம். பென் நடத்தியது பிரிட்டனின் ஊர்வலம். நாம் மேலே சொன்ன அறிக்கையின் எண்களை வைத்து இந்தியாவின் ஊர்வலத்தை நடத்திப் பார்க்கலாம். சராசரி உயரம் ஐந்தரை அடி என்று கொள்வோம்.

ஊர்வலம் தொடங்குகிறது. நிமிடங்கள் போகின்றன, நம் முழங்கால் அளவுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். முதல் அரைமணி நேரத்தில், அதாவது மக்களில் கீழ்ப்பாதி முழுவதும் கடக்கும் வரையில், போனவர்களின் சராசரி உயரம் இருபது அங்குலம். கூலிக்குக் களையெடுப்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், சித்தாள்கள் பெரும்பாலும் இதில்தான். முப்பதாவது நிமிடத்தில் வரும் ஆள்தான் இடைநிலை இந்தியர். ஆண்டுக்கு 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய் வருமானம், உயரம் இரண்டரை அடிக்கும் கொஞ்சம் குறைவு. நாற்பது நிமிடம் ஆகிறது, ஐம்பது ஆகிறது, இன்னும் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் கண்ணுக்கு நேராகப் பார்க்கும் ஆள் வரும்போது மணி ஐம்பத்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அவருடைய வருமானம்தான் அந்த 2 லட்சத்து 35 ஆயிரம். பென்னின் பிரிட்டனில் இப்படிப்பட்டவர் வரும்போது ஊர்வலம் முடியப் பன்னிரண்டு நிமிடம் பாக்கியிருந்தது. இங்கே ஆறு நிமிடம்தான்.

பிறகு உயரம் விறுவிறுவென்று ஏறுகிறது. கடைசி முப்பத்தாறு நொடியில் மேல் ஒரு விழுக்காட்டினர் வருகிறார்கள். அவர்களுடைய சராசரி வருமானம் ஆண்டுக்கு 53 லட்சம். சராசரி உயரம் 120 அடிக்கு மேல். நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு இவர்களுக்கு. முதல் அரைமணி நேரம் முழுக்க நடந்த பாதி நாட்டுக்கு 15 விழுக்காடு. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான கடைசித் துளியில் வரும் பத்தாயிரம் பேரின் சராசரி வருமானம் 48 கோடி. அவர்களுடைய உயரம் 11,000 அடியைத் தாண்டும். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 8,650 அடிதான். சராசரி என்ற எண்ணை மேலே இழுத்துப் பிடித்திருப்பவர்கள் இவர்கள்.

இந்த எண்கள் வரிப் பதிவுகளையும் தேசியக் கணக்குகளையும் வீட்டுக் கணக்கெடுப்புகளையும் இணைத்துச் செய்த மதிப்பீடுகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வேறு முறையில் கணக்கிட்டால் விழுக்காடுகள் முன்பின்னாக வரும். பொருளியலாளர்களிடையே அதில் விவாதம் உண்டு. சம்பளமும் கூலியும் மட்டுமல்லாமல் எல்லா வகை வருமானமும் இதில் அடங்கும். சம்பளத்தை மட்டும் தனியாகப் பார்த்தாலும் சாய்வு மறைவதில்லை. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காகத் தயாரிக்கப்பட்டு 2022 மே மாதம் வெளியான அறிக்கை ஒன்று, 2019-20ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பை வைத்து ஒரு கணக்கைச் சொன்னது: மாதம் 25,000 ரூபாய் சம்பாதிப்பவர் இந்தியாவில் ஊதியம் பெறுவோரின் மேல் பத்து விழுக்காட்டில் இருக்கிறார். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு எண்களையும் அருகருகே வெளியிடுகிறது. 2019இல் அங்கே சராசரி ஊதியம் 51,916 டாலர்; இடைநிலை ஊதியம் 34,248 டாலர். மூன்றில் இரண்டு பேர் சராசரிக்குக் கீழே. இரண்டையும் சேர்த்து வெளியிடும் இந்த வழக்கம் எல்லா நாட்டு அரசுகளுக்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சராசரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. மாதச் சம்பளத்துக்கு மொத்தம் எவ்வளவு பணம் வேண்டும் என்று கம்பெனி கணக்கர் கணக்கிட சராசரிதான் உதவும். சராசரியை ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். இடைநிலை அளவைப் பெருக்கினால் எதுவுமே வராது. வரி வருவாய், பி.எஃப். நிதி இவற்றைத் திட்டமிடுபவர்களுக்கும் சராசரி வேண்டும். ஊகிப்பதிலும் சராசரி கைகொடுத்தது உண்டு. 1907இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதிய ஒரு புகழ்பெற்ற கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஓர் எருதை அறுத்துச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை வரும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. படிக்க முடிந்த 787 சீட்டுகளை அவர் ஆராய்ந்து பார்த்தார். இடைநிலை ஊகம் 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198. ஊகங்களின் சராசரி 1,197; இடைநிலையைவிட உண்மைக்கு நெருக்கம். ஆனால் அதே ஆண்டு, அதே இதழில், நஷ்டஈட்டுத் தொகையை முடிவுசெய்யும் ஜூரிகளுக்குக் கால்டன் பரிந்துரைத்தது இடைநிலை அளவைத்தான். சராசரி எடுத்தால், அளவுமீறிய தொகையைச் சொல்லும் ஒருவரே மற்றவர்களுடைய முடிவைத் தன் பக்கம் இழுத்துவிடுவார் என்பது அவர் வாதம். மனித இனத்தைத் தரம் பிரிக்கும் அவருடைய கொள்கைகள் உலகுக்குப் பெருங்கேடு செய்தவை. இந்த வாதம் மட்டும் சரியானது.

சராசரியோ இடைநிலையோ, எதை எடுத்தாலும் யாரை எண்ணினார்கள் என்று கேட்காமல் விட்டால் ஏமாந்துபோவோம். இதற்கு 2020 ஏப்ரலைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. கொரோனா ஊரடங்கின் அந்த ஒரு மாதத்தில் அமெரிக்காவில் 2 கோடியே 5 லட்சம் வேலைகள் போயின. வேலையில்லாத் திண்டாட்டம் 14.7 விழுக்காடு. அதே மாதம், தனியார் துறையில் சராசரி மணிக்கூலி 1 டாலர் 34 சென்ட் ஏறி 30 டாலரைத் தொட்டது. ஊர் முழுக்கக் கடை அடைத்திருந்தபோது கூலியை உயர்த்தியது யார்? யாரும் உயர்த்தவில்லை. வேலை போனவர்களில் கணிசமான பங்கு ஓட்டல் பரிமாறுபவர்கள், சமையல்காரர்கள், விடுதிப் பணியாளர்கள்; உணவகம், விடுதி, பொழுதுபோக்குத் துறையில் மட்டும் 77 லட்சம் பேர். குறைந்த கூலிக்காரர்கள் பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டதால், மிச்சமிருந்தவர்களின் சராசரி தானாக ஏறியது. இடைநிலை அளவும் இந்தச் சூழலில் ஏறத்தான் செய்யும். வரிசையின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டால் நடு இடம் மேலே நகரும். இதற்காகவே அட்லாண்டாவின் மத்திய ரிசர்வ் வங்கி வேறு வழியில் கணக்கிடுகிறது. ஒரே ஆளைப் பன்னிரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை கேட்டு, அவருடைய கூலி எவ்வளவு மாறியது என்று பார்த்து, அந்த மாற்றங்களின் இடைநிலையை வெளியிடுகிறது.

நம் ஊரில் இதே வித்தை ஊரடங்கு இல்லாமலே நடக்கிறது. ஒரு தொழிற்சாலை தன் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் ஆட்களை எல்லாம் கான்ட்ராக்டுக்கு மாற்றிவிட்டால், அவர்கள் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலிருந்து மறைவார்கள். தினமும் அதே கேட்டில்தான் நுழைவார்கள், அதே தரையைத்தான் துடைப்பார்கள். நிறுவனத்தின் சராசரி மட்டும் உயரும். எதிர்த் திசையிலும் இது நடக்கும்: ஒரு ஐ.டி. கம்பெனி எல்லோருக்கும் உயர்வு கொடுத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் புதியவர்களைச் சேர்த்தால், சராசரிச் சம்பளம் இறங்கலாம்.

சட்டம் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் வழியே எட்டிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 197ஆம் பிரிவின் 12ஆம் உட்பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனமும், ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும் என்கிறது. அந்த ஆண்டில் இடைநிலை ஊதியம் எத்தனை விழுக்காடு உயர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டறிக்கையின் பிற்பகுதியில், இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பாக, பொடி எழுத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். நிர்வாக இயக்குநருக்கு 10 கோடி, விகிதம் 200 என்று போட்டிருந்தால், ஒரு வகுத்தலில் விடை வந்துவிடும்: நடு ஊழியரின் ஆண்டு ஊதியம் 5 லட்சம். கான்ட்ராக்ட் தொழிலாளிகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத்தாரும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய பக்கம் அது.

சராசரி மிக அதிகமாக வலிக்கும் இடம் கல்லூரி வாசல். கவுன்சலிங் நேரத்தில் நெடுஞ்சாலையெங்கும் தட்டிகள்: ‘உயர்ந்தபட்ச பேக்கேஜ்’ இவ்வளவு, ‘சராசரி பேக்கேஜ்’ இவ்வளவு. நூறு மாணவர்கள் படிக்கும் ஒரு துறையைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அறுபது பேருக்கு வேலை கிடைத்தது. 55 பேருக்கு ஆண்டுக்கு 3.6 லட்சம், நான்கு பேருக்கு 8 லட்சம், ஒரே ஒருவருக்கு 44 லட்சம். கூட்டினால் 274 லட்சம். அறுபதால் வகுத்தால் 4.57 லட்சம். தட்டியில் ஏறும் எண் இதுதான். வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் 3.6 லட்சம். வேலை கிடைக்காத நாற்பது பேர் எந்தக் கணக்கிலும் இல்லை; அவர்களையும் சேர்த்து நூறால் வகுத்தால் 2.74 லட்சம்.

அந்த 3.6 லட்சமும் முழுசாகக் கைக்கு வராது. அது சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு, இன்ஷூரன்ஸ், ஆண்டு முடிவில் வந்தால் வரும் போனஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். மாதம் 30,000 என்று தோன்றுவது, பிள்ளையின் பி.எஃப். பிடித்தமும் போக, 25,000 அல்லது அதற்கும் கீழே வங்கிக் கணக்கில் விழும். எட்டு லட்சம் கல்விக் கடனை 10 விழுக்காடு வட்டியில் பத்தாண்டில் கட்டுவதாக இருந்தால் மாதத் தவணை 10,500 ரூபாயைத் தாண்டும். மிச்சம் 14,500 ரூபாயில் சென்னையில் விடுதி வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது. தட்டியில் பார்த்த 4.57 லட்சத்தை மனசில் வைத்துக் கடன் வாங்கிய குடும்பம், பிள்ளை சரியாகச் சம்பாதிக்கவில்லை என்று பிள்ளையைத்தான் குறை சொல்லும். அந்தப் பிள்ளை அந்தத் துறையின் நடு மாணவர். யாருக்கும் குறைந்தவர் இல்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் என்ன என்பதை ஆண்டுதோறும் கொடுக்கின்றன. அந்த விவரம் என்.ஐ.ஆர்.எஃப். தளத்திலோ கல்லூரியின் தளத்திலோ இலவசமாகக் கிடைக்கும். அதை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லாத கல்லூரி என்றால் சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளை சேரும் துறைக்கு மட்டும் இதே எண்களை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்.